‘ஒசிமாண்டியாஸ்’ கவிதையில் அழியாமல் நிற்பது எது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் ஷெல்லியின் ‘ஒசிமாண்டியாஸ்’ கவிதைக்கு வெளியான விளக்கத்தைப் படித்தோம். ஆங்கிலக் கவிதை ஒன்றுக்குத் தமிழ் நாளிதழ் அரைப்பக்கம் ஒதுக்குவது அரிது. அதற்கு நன்றி. ஆனால் அந்த விளக்கம் ‘எவ்வளவு பெரிய அரசனும் மண்ணோடு மண்ணாவான், அதிகாரம் நிலையற்றது’ என்ற கருத்தில் தொடங்கி அதிலேயே முடிந்துவிட்டது. கடைகளில் விற்கும் கைடுகளும் இதைத்தான் சொல்கின்றன. விடைத்தாள்களிலும் இந்த வரிதான் திரும்பத் திரும்ப வருகிறது. கவிதையின் ஆறு, ஏழு, எட்டாம் அடிகளோ வேறொன்று சொல்கின்றன. அரசன் போனான், அவனுடைய ஆணவம் போகவில்லை. இதைத் தவறவிடுகிறவர்கள் கவிதையின் பாதியைப் படிக்காமலே கடந்துவிடுகிறார்கள் என்பது எங்கள் கருத்து. அந்தப் பாதியைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

கவிதை சொல்வதை முதலில் உரைநடையில் வைக்கிறோம். ‘பழம்பெரும் நாடொன்றிலிருந்து வந்த பயணி ஒருவனைச் சந்தித்தேன். அவன் சொன்னது இது: உடலில்லாத இரண்டு மாபெரும் கல்கால்கள் பாலைவனத்தில் நிற்கின்றன. அருகே மணலில் பாதி புதைந்து, உடைந்த முகமொன்று கிடக்கிறது. அந்த முகத்தின் நெரித்த புருவமும், சுருங்கிய உதடும், ஈரமற்ற அதிகாரத்தின் ஏளனமும், அந்த உணர்ச்சிகளைச் சிற்பி நன்றாகப் படித்திருந்தான் என்று காட்டுகின்றன. உயிரற்ற இந்தக் கல்லில் பதிந்துவிட்ட அவை, தம்மைச் செதுக்கிக் காட்டிய கையும் தமக்கு ஊட்டி வளர்த்த இதயமும் மறைந்த பிறகும் வாழ்கின்றன. பீடத்தில் உள்ள வாசகம்: என் பெயர் ஒசிமாண்டியாஸ், அரசர்க்கரசன், வல்லவர்களே, என் செயல்களைப் பாருங்கள், நம்பிக்கை இழந்து போங்கள்! வேறெதுவும் மிஞ்சவில்லை. அந்த மாபெரும் சிதைவைச் சுற்றி, எல்லையற்று, வெறுமையாக, ஆளரவமற்ற சமமணல் நெடுந்தூரம் விரிந்து கிடக்கிறது.’

மாணவர்கள் இடறி விழும் இடம் மூன்றாம் அடியின் நடுவில் தொடங்கும் நீண்ட வாக்கியம். பென்சிலை எடுத்து வினைச்சொற்களை மட்டும் அடிக்கோடிடச் சொல்ல வேண்டும். முதலில் வருவது ‘லைஸ்’, கிடக்கிறது. அதற்கு எழுவாய் உடைந்த முகம். அடுத்தது ‘டெல்’, காட்டுகின்றன; அதற்குப் புருவம், உதடு, ஏளனம் என்று மூன்று எழுவாய்கள். மூன்றாவது ஆறாம் அடியின் இறுதிச் சொல். அதை ‘ரீட்’ என்று நிகழ்காலமாகப் பலர் வாசிக்கிறார்கள். எட்டாம் அடி ‘ஃபெட்’ என்று முடிகிறது. இரண்டும் இயைந்து ஒலிக்க வேண்டுமானால் ஆறாம் அடியை ‘ரெட்’ என்று இறந்தகாலமாகத்தான் உச்சரிக்க வேண்டும். சிற்பி அன்றே படித்து முடித்துவிட்டான் என்பதற்கு இயைபே சாட்சி. கவிதையை வகுப்பில் உரக்க வாசிக்காமல் விட்டால் இது காதில் விழாது.

நான்காவது வினைதான் முடிச்சு. ‘சர்வைவ்’ என்ற சொல்லுக்குப் பிறகு ஒரு காற்புள்ளி வருகிறது. மாணவர்கள் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். ‘உணர்ச்சிகள் இன்னும் இருக்கின்றன’ என்று பொருள் கொண்டு வாக்கியத்தை மனத்தில் முடித்துவிடுகிறார்கள். பிறகு எட்டாம் அடியில் வரும் கையும் இதயமும் வினையில்லாமல் அந்தரத்தில் தொங்குகின்றன. அதைச் சமாளிக்க, ‘கையும் இதயமும்கூடக் கல்லில் பதிந்திருக்கின்றன’ என்று எழுதுகிறார்கள். கைடு ஒன்றிலும் இதே பிழை அச்சாகியிருக்கிறது. உண்மையில் அந்த வினை செயப்படுபொருள் ஏற்று நிற்கிறது. ஒருவர் இறந்த பின்னும் அவரைத் தாண்டி வாழ்வது என்பது அதன் பொருள். செயப்படுபொருள்கள் அடுத்த அடியில் உள்ள கையும் இதயமும். இடையில் ‘உயிரற்ற இந்தக் கல்லில் பதிந்து’ என்ற தொடர் இரண்டு காற்புள்ளிகளுக்குள் செருகப்பட்டிருக்கிறது. சோதிக்க எளிய வழி உண்டு. செருகிய தொடரை விரலால் மறைத்துவிட்டு, ‘சர்வைவ்’ இருக்கும் இடத்தில் ‘அவுட்லிவ்’ என்ற சொல்லைப் போட்டு வாசித்தால் வாக்கியம் சட்டென நேராகிவிடும்.

கை சிற்பியுடையது. இதயம் அரசனுடையது. கையின் செயலைக் குறிக்கும் ‘மாக்ட்’ என்ற சொல்லுக்கு அக்கால ஆங்கிலத்தில் பார்த்துப் போலச் செய்வது என்ற பொருளும் உண்டு, எள்ளுவது என்ற பொருளும் உண்டு. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. அரசன் கூலி கொடுத்துச் செய்யச் சொன்ன முகத்தை அச்சு அசலாகச் செய்ததே சிற்பியின் எள்ளல். ‘ஃபெட்’ என்ற சொல்லுக்குச் செயப்படுபொருள் வெளிப்படையாக இல்லை. முன்னால் வந்த ‘அவற்றை’ என்பதையே அங்கும் கொள்ள வேண்டும். அரசனின் இதயம் அந்தக் கொடிய உணர்ச்சிகளுக்குத் தீனி போட்டது.

இப்போது வாக்கியத்தை முழுதாகச் சேர்த்துப் பாருங்கள். சிற்பியும் செத்தான், அரசனும் செத்தான். அந்த ஏளனம் மட்டும் சாகவில்லை. அதிகாரத்தில் இருந்தவன் அழிந்தான் என்று சொல்லி வாசகரை நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பும் கவிதை இல்லை இது. அவனை ஆட்டிவைத்த வெறி இன்னும் உயிரோடு இருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான், அவன் கட்டியவை அழிந்துபோனதைக் காட்டுகிறது. மாணவர் பக்கத்தின் விளக்கம் இந்த இரண்டாம் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டது.

‘நிலையாமை’ என்ற சொல் கையில் ஆயத்தமாக இருப்பதும் நம் வாசிப்பைத் திசைதிருப்புகிறது. அந்தச் சொல்லைக் கேட்டதும் திருக்குறளின் 34ஆம் அதிகாரம் நினைவுக்கு வருகிறது. அது துறவறவியலில் உள்ள அதிகாரம். செல்வமும் உடம்பும் நில்லாதவை என்று உணர்ந்து பற்றை விடச் சொல்வது. ஷெல்லி துறவு பேசவில்லை. அவர் பேசுவது கொடுங்கோன்மையைப் பற்றி. ‘ஒசிமாண்டியாஸ்’ போலவே 14 அடிகளில் அமைந்த ‘சானட்’ வகைக் கவிதை ஒன்று, 1816இல் வெளியான அவருடையது, இதற்குத் துணை நிற்கிறது. நெப்போலியனின் வீழ்ச்சியைக் கண்ட குடியரசுவாதி ஒருவனின் உணர்வுகள் என்பது அதன் தலைப்பு. வீழ்ந்த கொடுங்கோலனை அதில் அவர் பழிக்கிறார்; ஆனால் வன்முறையையும் வஞ்சகத்தையும் விட நீண்ட ஆயுள் கொண்ட பகைகள் உண்டு என்று முடிக்கிறார். பழைய வழக்கம், சட்டத்தின் பெயரால் நடக்கும் குற்றம், இரத்தம் தோய்ந்த மதம் ஆகியவை அந்தப் பகைகள். ஆள் விழுவதும் கொடுமை விழுவதும் ஒன்றல்ல என்று 1816இல் எழுதியவர், 1817 டிசம்பரில் ‘ஒசிமாண்டியாஸ்’ கவிதையை அதை மறந்துவிட்டு எழுதியிருக்க மாட்டார்.

கவிதை எங்கே அச்சானது என்பதையும் பாடம் நடத்தும்போது சொல்ல வேண்டும். 1818 ஜனவரி 11ஆம் தேதி, லண்டனின் ‘தி எக்ஸாமினர்’ என்ற ஞாயிறு வார இதழில், ‘கிளிராஸ்டஸ்’ என்ற புனைபெயரில் வந்தது. அந்த இதழின் ஆசிரியர் லீ ஹன்ட். அதை நடத்தியவர் அவருடைய அண்ணன் ஜான் ஹன்ட். இங்கிலாந்து மன்னருக்குப் பதிலாக ஆட்சி நடத்திய இளவரசரை அவதூறு செய்ததாக 1813இல் இருவருக்கும் தலா இரண்டு ஆண்டு சிறையும் 500 பவுண்டு அபராதமும் விதிக்கப்பட்டன. விசாரணையின்றி ஒருவரை அடைத்து வைக்க முடியாதபடி காக்கும் ஆட்கொணர்வு உரிமையை அந்நாட்டு நாடாளுமன்றம் 1817இல் நிறுத்தி வைத்திருந்தது. நெப்போலியன் செயின்ட் ஹெலினா தீவில் உயிரோடு கைதியாக இருந்தார். இப்படியொரு நேரத்தில், இப்படியொரு இதழில், ‘வல்லவர்களே’ என்று விளிக்கும் வாசகத்தைப் படித்தவர்களுக்கு அது பழங்கால எகிப்தைப் பற்றிய வேடிக்கைச் செய்தியாகத் தோன்றியிருக்காது.

அந்த வாசகத்துக்கு மூலம் உண்டு. கி.மு. முதல் நூற்றாண்டின் கிரேக்க வரலாற்றாசிரியர் டயோடோரஸ், தம் நூலின் முதல் பகுதியில், எகிப்திலுள்ள ஒரு பெருஞ்சிலையை வருணித்து அதன் கல்வெட்டைத் தருகிறார். ‘நான் அரசர்க்கரசன் ஒசிமாண்டியாஸ். நான் எவ்வளவு பெரியவன், எங்கே கிடக்கிறேன் என்று அறிய விரும்புகிறவன் என் செயல்களில் ஒன்றையாவது மிஞ்சட்டும்’ என்பது அதன் கருத்து. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஷெல்லி செய்த மாற்றம் தெரியும். மூலத்தில் இருப்பது சவால், முடிந்தால் மிஞ்சிப் பார் என்பது. ஷெல்லி அந்தச் சவாலை எடுத்துவிட்டு ‘நம்பிக்கை இழந்து போங்கள்’ என்ற கட்டளையை வைத்தார். ‘வல்லவர்களே’ என்ற விளியைச் சேர்த்தார். அரசன் சொன்னபோது, ‘என்னை மிஞ்ச முடியாது, ஆகவே சோர்ந்து போங்கள்’ என்று பொருள். மணலுக்கு நடுவில் அதே வாசகத்தைப் படிக்கிற இன்றைய வல்லவனுக்கு, ‘என் கதியே இதுவென்றால் உன் கதி என்ன’ என்று பொருள். ஒரு எழுத்துகூட மாறாமல் பொருள் புரண்டுவிடுகிறது. இன்னொரு செய்தி: டயோடோரஸ் வருணிக்கும் சிலை உடைந்ததல்ல. அவ்வளவு பெரிய கல்லில் ஒரு விரிசலோ மாசோ கிடையாது என்று அவர் வியக்கிறார்.

இங்கேதான் தகவல் பிழைகள் மலிகின்றன. ‘ஒசிமாண்டியாஸ்’ என்பது எகிப்திய மன்னர் இரண்டாம் ராம்செஸின் அரியணைப் பெயரான ‘உசெர்மாத்ரே’ கிரேக்கர் நாவில் திரிந்த வடிவம். அவர் கி.மு. 13ஆம் நூற்றாண்டில் ஏறத்தாழ 66 ஆண்டுகள் ஆண்டவர். லக்சருக்கு எதிரே, நைல் நதியின் மேற்குக் கரையில் உள்ள அவருடைய ராமேசியம் கோவிலில் ஒரு பெருஞ்சிலை இன்றும் வீழ்ந்து கிடக்கிறது. அதன் எடை ஏறத்தாழ 1,000 டன் என்று மதிப்பிடுகிறார்கள். அதே கோவிலிலிருந்து இன்னொரு சிலையின் தலையும் மார்பும் சேர்ந்த பகுதியை 1816இல் பெல்சோனி என்பவர் பெயர்த்து நைல் கரைக்குக் கொண்டுவந்தார். அது இப்போது லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தங்கள் பக்கத்தில் கவிதையோடு அச்சிட்ட படம் அதுதான். ‘ஷெல்லி இந்தச் சிலையைப் பார்த்துவிட்டு எழுதினார்’ என்ற குறிப்பு சரியல்ல. கவிதை அச்சேறியபோது அந்தச் சிலை அருங்காட்சியகத்துக்கு வந்து சேரவில்லை. அது வரப்போகிறது என்ற பேச்சு மட்டும் லண்டனில் இருந்தது. ஷெல்லி எகிப்துக்கும் போனதில்லை. படத்தை உற்றுப் பார்த்தாலே வேறுபாடு தெரியும். அந்தக் கல்முகத்தில் நெரித்த புருவம் இல்லை, ஏளனம் இல்லை; மெல்லிய புன்னகையோடு அமைதியாக இருக்கிறது. ராமேசியமும் ஆளரவமற்ற பாலைவனத்தின் நடுவில் இல்லை. வயல்வெளியை ஒட்டிய பகுதி அது. புருவம், ஏளனம், எல்லையற்ற மணல் எல்லாம் ஷெல்லி ஒரு காரணத்துக்காகப் படைத்தவை. உண்மைச் சிலையின் படத்தைப் போட்டு ‘இதுதான் அது’ என்று காட்டும்போது, படைத்தவரின் வேலை கண்ணில் படாமல் போகிறது.

கவிதையில் எகிப்து என்ற பெயரோ நைல் என்ற பெயரோ வருவதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டின் பாட்லியன் நூலகத்தில் உள்ள கையெழுத்து வரைவில், நைல் ஓரத்தில் தனியே ஒரு பீடம் நிற்பதாகத்தான் கவிதை தொடங்குகிறது. பிறகு ஷெல்லி நைலை அடித்தார், பயணியைக் கொண்டுவந்தார். இடம் மங்கியதால் அது எந்த நாடாகவும் இருக்கலாம் என்றாயிற்று. பயணி வந்ததால் செய்தி கைமாறிக் கைமாறி வருவதாயிற்று. பீடத்தின் வாசகத்தைப் பயணி படிக்கிறான், பயணி சொன்னதைக் கவிஞர் கேட்கிறார், கவிஞர் சொல்வதை நாம் கேட்கிறோம். அரசர்க்கரசனின் குரல் மூன்றாவது கை வழியாக, இரண்டு அடி அளவுக்குச் சுருங்கி வந்து சேர்கிறது. ‘பாலைவனத்தில் சிலையைக் கண்ட ஷெல்லி’ என்று விடை எழுதும் மாணவருக்கு இது முழுவதும் நழுவிவிடும்.

வடிவத்தைப் பற்றித் தங்கள் விளக்கம் ‘இது 14 அடி கொண்ட சானட்’ என்பதோடு நிறுத்திக்கொண்டது. வடிவத்தில்தான் பெரும் வேலை நடந்திருக்கிறது. அடிகளின் இறுதி ஒலிகளை வரிசையாகக் குறித்தால் அ-ஆ-அ-ஆ-அ-இ-ஈ-இ-உ-ஈ-உ-ஊ-உ-ஊ என்று வரும். இத்தாலியக் கவி பெட்ரார்க்கின் முறையில் முதல் எட்டு அடிகள் இரண்டே ஒலிகளில் அமைந்து தனித்து நிற்கும்; அடுத்த ஆறு வேறு ஒலிகளைக் கொள்ளும். ஷேக்ஸ்பியர் முறையில் மூன்று நான்கடிகளும் முடிவில் ஓர் ஈரடியும் இருக்கும். ஷெல்லியினுடையது இரண்டிலும் சேராது. ஒன்பதாம் அடியில், பீடத்தின் வாசகத்துக்குப் போகும் இடத்தில் திருப்பம் இருக்கிறது. அது பெட்ரார்க்கின் இடம். ஆனால் ஏழாம் அடியின் ஒலிக்கு இணை பத்தாம் அடியில்தான் கிடைக்கிறது. இயைபு திருப்பத்தைத் தாண்டிப் போய்க் கொக்கி போடுகிறது. கொக்கியில் மாட்டும் சொற்கள் எவை? ஏழாம் அடியின் இறுதியில் ‘திங்ஸ்’, உயிரற்ற பொருள்கள். பத்தாம் அடியின் இறுதியில் ‘கிங்ஸ்’, அரசர்கள். அரசர்க்கரசன் வாய் திறப்பதற்கு மூன்று அடி முன்பே அவனுடைய இணைச்சொல் உயிரற்ற பொருளாகக் காத்திருக்கிறது. இந்தக் கவிதையில் எங்களுக்கு மிகவும் பிடித்த இடம் இதுவே. எந்தக் கைடிலும் இதைப் பற்றி ஒரு வரியும் நாங்கள் கண்டதில்லை.

இரண்டாம் அடியின் ‘ஸ்டோன்’ நான்காம் அடியின் ‘ஃப்ரவுன்’ என்பதோடும், ஒன்பதாம் அடியின் ‘அப்பியர்’ பதினொன்றாம் அடியின் ‘டிஸ்பேர்’ என்பதோடும் இன்றைய உச்சரிப்பில் முழுதாக இயைவதில்லை. வடிவமே ஆங்காங்கே உடைந்து கிடக்கிறது என்று சிலர் விளக்குவார்கள். அது ஏற்கத்தக்கது, ஆனால் அதன் மேல் அதிகப் பாரம் ஏற்றக் கூடாது. ஈரடி முடிவு இல்லாமல் போனதுதான் முக்கியம். ஷேக்ஸ்பியரின் சானட்டுகள் பலவற்றில் கடைசி ஈரடி நீதியைத் தொகுத்துச் சொல்லும் இடம். ஷெல்லி அந்த இடத்தையே கட்டவில்லை. நீதி சொல்ல மறுத்த கவிதைக்கு நாம் ஒரு நீதியை ஒட்டி வைத்துவிட்டு, அதற்கு மதிப்பெண் தருகிறோம்.

ஓசையைக் காட்ட இரண்டு இடங்கள் போதும். ஒவ்வொரு அடியிலும் பத்து அசைகள், அழுத்தமற்றதும் அழுத்தமுள்ளதுமாக ஐந்து இணைகள் என்பது பொதுக்கணக்கு. பத்தாம் அடியில் மன்னனின் பெயரை ஐந்து அசைகளாகப் பிரித்து வாசித்தால் அடியில் பதினோரு அசைகள் வந்துவிடும். கடைசி இரண்டு அசைகளையும் சேர்த்து ‘ஒ-சி-மாண்ட்-யாஸ்’ என்று நான்காக வாசித்தால் கணக்குச் சரியாகும். அடுத்து, ‘லுக் ஆன் மை வொர்க்ஸ்’ என்று வரும் பதினொன்றாம் அடியும், ‘நத்திங் பிசைட் ரிமெய்ன்ஸ்’ என்று வரும் பன்னிரண்டாம் அடியும் அழுத்தமுள்ள அசையில் தொடங்குகின்றன. பெருமையும் அதற்கான பதிலும் ஒரே அடிவைப்பில் நடக்கின்றன. இரண்டுக்கும் இடையில் ‘ஆனால்’ என்ற சொல் கிடையாது. தமிழில் பெயர்க்கிறவர்கள் பெரும்பாலும் அங்கே ‘ஆனால் இன்றோ’ என்று சேர்த்துவிடுகிறார்கள். தங்கள் பக்கத்திலும் அப்படித்தான் இருந்தது. அந்த ஒரு சொல் வந்தவுடன் வெற்றிடம் அடைபட்டுவிடுகிறது. பயணியின் பேச்சு முழுவதையும் மொழிபெயர்த்துவிட்டு இறுதியில் ‘என்றான்’ என்று முடிப்பதும் அதே கேட்டைச் செய்யும். கவிதை மணலில் முடிய வேண்டும். அதனால்தான் மேலே தந்த உரைநடையில் ‘அவன் சொன்னது இது’ என்று முன்னாலேயே வைத்தோம்.

இந்தக் கவிதைக்கு ஓர் இரட்டை உண்டு. 1817 டிசம்பர் இறுதியில் ஷெல்லியின் மார்லோ வீட்டுக்கு வந்திருந்த நண்பர் ஹொரேஸ் ஸ்மித்தும் அவரும் ஒரே பொருளில் ஆளுக்கொரு சானட் எழுதினார்கள். ஸ்மித்தின் கவிதை 1818 பிப்ரவரி 1ஆம் தேதி அதே இதழில் வந்தது. அதில் நிற்பது ஒற்றைக் கால். அதன் வாசகம், ‘என் கையின் அற்புதங்களை இந்த மாநகரம் காட்டும்’ என்று பேசுகிறது, நகரத்தைக் காணோம். கடைசி ஆறு அடிகளில் ஸ்மித் எதிர்காலத்துக்குப் போகிறார். லண்டன் இருந்த இடத்தில் காடு மண்டியிருக்கிறது. ஓநாயைத் துரத்திவரும் வேட்டைக்காரன் பெரிய கல்துண்டு ஒன்றைக் கண்டு, இங்கே எந்த இனம் வாழ்ந்ததோ என்று வியக்கிறான். கருத்து துணிச்சலானது, லண்டனின் பெயரைச் சொல்லியே அழிவைக் காட்டுகிறது. ஆனால் ஸ்மித்தின் கவிதையில் முகமும் இல்லை, சிற்பியும் இல்லை. கொடுமை எங்கிருந்து வந்தது, யார் அதைக் கண்டுகொண்டார்கள் என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. ‘அதிகாரம் நிலையற்றது’ என்ற ஒற்றைவரி விளக்கம் ஸ்மித்தின் கவிதைக்கு அளவாகப் பொருந்தும். இரண்டையும் ஒரே வகுப்பில் அடுத்தடுத்துப் படித்தால் ஷெல்லியிடம் கூடுதலாக இருப்பது என்ன என்பதை மாணவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

பத்து மதிப்பெண் வினாவுக்குத் தயாராகிறவர்களுக்கு ஒரு யோசனை. ஷெல்லியின் பிறப்பு, கல்வி, மரணம் என்று முதல் பத்தியைச் செலவழிக்க வேண்டாம். பேசுகிறவர்கள் யார் யார் என்பதில் தொடங்குங்கள். அடுத்து, ஆறு முதல் எட்டு வரையுள்ள அடிகளின் வாக்கிய அமைப்பைப் பிரித்துக் காட்டி, எது எதைத் தாண்டி வாழ்கிறது என்று எழுதுங்கள். விடையின் பாதி இதற்கே போகட்டும். பிறகு பீட வாசகத்தின் இரண்டு பொருள்கள், ‘திங்ஸ்–கிங்ஸ்’ இயைபு, ஈரடி முடிவு இல்லாமை. மோனைக்குச் சான்று கேட்டால் கடைசி இரண்டு அடிகளில் உள்ள ‘பவுண்ட்லெஸ்–பேர்’, ‘லோன்–லெவல்’ இரண்டும் போதும். அந்த ஒலிகள் மீண்டும் மீண்டும் வருவதால் மணல் சமதளமாக நீண்டுகொண்டே போவது காதுக்குப் புலப்படுகிறது என்று காரணமும் சேர்த்து எழுதினால்தான் மதிப்பெண். அணிகளின் பெயர்களை மட்டும் வரிசையாக அடுக்கிய விடைக்கு மதிப்பெண் தர எந்தத் தேர்வாளருக்கும் மனம் வராது.

தங்களிடம் கேட்டுக்கொள்வது இரண்டு. மாணவர் பக்கத்தில் இனி எந்தக் கவிதைக்கு விளக்கம் வந்தாலும், அடி எண்களோடு முழு மூலத்தையும் சேர்த்து அச்சிடுங்கள். எந்தப் பதிப்பின்படி என்பதையும் குறிப்பிடுங்கள். 1818 இதழில் வந்த ‘ஒசிமாண்டியாஸ்’ கவிதைக்கும் 1819இல் ஷெல்லியின் நூலில் வந்ததற்கும் நிறுத்தக்குறிகள் வேறுபடுகின்றன. ஒரு காற்புள்ளியில் பொருள் தடுக்கும் கவிதையில் இதைச் சிறிய விஷயம் என்று விட முடியாது. இரண்டாவது, ஸ்மித்தின் சானட்டையும் ஒரு வாரம் வெளியிடுங்கள். இரண்டு கவிதைகளுமே காப்புரிமைக் காலம் கடந்தவை. யாரிடமும் அனுமதி பெற வேண்டியதில்லை.

இப்படிக்கு,
ஆங்கில இலக்கியம் கற்பிக்கும் கல்லூரி ஆசிரியர்கள் சிலர்,
மதுரை